நூற்றுக்கு நூற்று நான்கு

"தூத்துக்குடியில பொறந்தவ ஹீட்டருக்கு மார்க் போடுறாளாம்! ஏட்டி, நம்ம ஊர்ல எவனாவது ஹீட்டரக் கண்ணால பாத்திருக்கானா?"

நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவே என்ற ஊரில், தமிழ்ப் பூசை முடிந்த ஒரு சனிக்கிழமை மாலை, சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் காகிதத் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது ரோஸி ஆன்ட்டி இப்படிக் கேட்டார். ஆன்ட்டியும் எங்கள் ஊர்க்காரர்தான். அமெரிக்காவுக்கு வந்து பல வருஷமாகிவிட்டது. பூசைக்குப் பிறகு நடக்கும் சாப்பாட்டுக்கு அவர்தான் அதிபதி. சாமியார் பிரசங்கத்தை நீட்டினால்கூட ஆன்ட்டி வாசலில் வந்து நிற்பார், உடனே பிரசங்கம் முடிந்துவிடும்.

அவர் கேட்டதில் தப்பில்லை. தூத்துக்குடியில் குளிர் என்றால் ஃபேனை ஒரு புள்ளி குறைத்து வைப்பது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்து, அமெரிக்கர்கள் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ்களைச் சோதிக்கும் லேப் ஒன்றில் இன்ஜினியராக இருந்தேன். பதில் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அன்றைக்கு எனக்கு வயதும் குறைவு, நாக்கும் நீளம்.

"முன்னபின்ன பாக்காதவதான் ஆன்ட்டி பாரபட்சம் இல்லாம மார்க் போடுவா" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆன்ட்டி சிரிக்கவில்லை.

"வாய் நல்லாத்தான் இருக்கு. கைக்கு ஏதாவது வருமா? அடுத்த மாசச் சாப்பாட்டுக்கு இட்லி மாவு ஒம் பொறுப்பு, பாத்துக்க" என்று சொல்லி, குழந்தையைக் குளிப்பாட்டும் அளவுக்கு ஒரு எவர்சில்வர் பாத்திரத்தை என் கையில் கொடுத்தார்.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆள், விமானம் ஏறிய முதல் ஆள், பனியில் வழுக்கி விழுந்த முதல் ஆள் எல்லாமே நான்தான். இத்தனை 'முதல்' ஒரே தலையில் ஏறினால் அந்தத் தலை என்ன கனம் கனக்கும்? என்னால் முடியாது என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே பயம். அதனால் பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன். இட்லி மாவுக்கு உளுந்து எவ்வளவு, அரிசி எவ்வளவு என்று தெரியாது. (அதையும் அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தலைக்கனம்.)

இனி என் வேலை. அமெரிக்காவில் ஒரு கம்பெனி புதிதாக ஃபர்னஸ் செய்தால், அதை அப்படியே கடையில் வைத்துவிட முடியாது. நாங்கள் கொடுக்கும் எரிவாயுவில் எவ்வளவு வீட்டுக்குள் சூடாக வருகிறது, எவ்வளவு புகைக்குழாய் வழியாக வீணாகிறது என்று சோதித்து, நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் எழுதி ஒட்டவேண்டும். ஒரு மஞ்சள் தாளில் அந்த மதிப்பெண் ஃபர்னஸின் நெற்றியில் தொங்கும். வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

அந்தச் சோதனையை எப்படி நடத்தவேண்டும் என்று அரசாங்கம் தடிமனாக விதிகள் எழுதி வைத்திருந்தது. அறை எவ்வளவு சூடாக இருக்கலாம், காற்று அடிக்கலாமா, ஃபர்னஸ் எவ்வளவு நேரம் ஓடி நிதானத்துக்கு வரவேண்டும், எதை எந்த இடத்தில் அளக்கவேண்டும் என்று ஒன்று விடாமல் இருக்கும். லேபில் மற்றவர்கள் அதைத் தொட்டாலே கொட்டாவி விடுவார்கள். எனக்கு அது தேனாக இனித்தது. இது ஹீட்டருக்குப் பொதுத்தேர்வு, அவ்வளவுதானே! வினாத்தாள் இருக்கிறது, நேரம் இருக்கிறது, நூற்றுக்கு மதிப்பெண் இருக்கிறது. தேர்வு எழுதியே வாழ்க்கையில் மேலே வந்தவள் நான். இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் சூப்பர்வைசர். விதிகளை மனப்பாடம் செய்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் புது மாதிரி ஃபர்னஸ்கள் வந்துகொண்டிருந்தன. புகையோடு போகும் நீராவியைப் பிடித்துக் குளிரவைத்துத் தண்ணீராக்கி, அந்தச் சூட்டையும் வீட்டுக்குள் அனுப்பிவிடும். அந்தத் தண்ணீர் ஒரு குழாய் வழியாகச் சொட்டும். நாங்கள் அடியில் வாளி வைத்துப் பிடித்து எடை போடுவோம். தண்ணீர் கூடினால் மதிப்பெண் கூடும். என் அப்பா வாழ்நாள் முழுக்கத் தண்ணீரை ஆவியாக்கி, மிச்சத்தை எடை போட்டவர். மகள் ஆவியைத் தண்ணீராக்கி எடை போட்டாள். குடும்பத் தொழில்தான், தலைகீழாக.

மாவு விஷயத்துக்கு வருகிறேன்.

ஜனவரி மாதம். ஹீட்டர்களுக்கு மார்க் போடுகிறவள் குடியிருந்த அபார்ட்மென்ட்டின் ஹீட்டர் ஃபெயில். வீட்டுக்காரர் மனம் வைத்தால்தான் அது சூடாகும். அவருக்கு மனம் வரவில்லை. வாரக் கடைசியில் ஒத்திகையாகக் கொஞ்சம் மாவு அரைத்து வைத்தேன். வைத்தது வைத்தபடி இருந்தது. இரண்டாவது முறை போர்வை சுற்றி வைத்தேன். நான் குளிரில் நடுங்கியதுதான் மிச்சம், மாவு அசையவில்லை. ஓவன் அடுப்புக்குள் விளக்கைப் போட்டு வைத்தால் பொங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் ஓவனில் பல்ப் போய்விட்டது.

வியாழக்கிழமை லேபில் மறுநாள் சோதனைக்கு அறையைத் தயார் செய்துகொண்டிருந்தேன். விதிகளை மனதுக்குள் ஓட்டினேன். அறை ஒரே சீரான வெதுவெதுப்பில் இருக்கவேண்டும். காற்று அடிக்கக்கூடாது. கதவைத் திறக்கக்கூடாது. யாரும் உள்ளே வந்து தொந்தரவு செய்யக்கூடாது.

சட்டென்று உறைத்தது. அந்த விதிகளை எழுதியவர் இட்லி மாவுக்காகவே எழுதியிருந்தார்.

அன்று மாலை மிக்சி சூடாகி மணக்கும் வரை அரைத்தேன். மாவு பாத்திரத்தில் முக்கால்வாசிக்கு மேல் வந்தது. பொங்குவதற்கு இடம் விடவேண்டும் என்று தோன்றவே இல்லை. என் அனுபவத்தில் மாவு என்பது பொங்காத பொருள். வெள்ளிக்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் லேபுக்குப் போய், பாத்திரத்தைத் தட்டால் மூடி, ஃபர்னஸுக்குப் பின்னால் இருந்த சுவர் அலமாரியில் வைத்தேன். அங்கேதான் சூடு அதிகம். வெளியே இருக்கும் கண்ணாடி ஜன்னலிலிருந்து அந்த மூலை தெரியாது. (ஒளித்து வைக்கும் எண்ணம் இல்லை. நம்புங்கள்.)

அலமாரிக்கு நேர் கீழே தண்ணீர் பிடிக்கும் வாளி, எடைத் தராசின் மேல் இருந்தது. இதையும் பார்த்தேன். பார்த்து, ஒன்றும் நினைக்கவில்லை.

அன்றைய சோதனை சாதாரணச் சோதனை இல்லை. ஃபர்னஸ் கம்பெனியிலிருந்து ரிச்சர்ட் என்று ஒருவர் நேரில் பார்க்க வந்திருந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். தொண்ணூற்று இரண்டு வந்தாகவேண்டும் என்று அவர் முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். அது வராவிட்டால் அந்த ஃபர்னஸும் இல்லை, அநேகமாக ரிச்சர்டும் இல்லை.

எனக்கும் ஒரு தேர்வு இருந்தது. என் விசாவை நீட்டிக்கும் கடிதத்தில் லேபின் தலைவர் டோரிஸ் திங்கட்கிழமை கையெழுத்துப் போடவேண்டும். டோரிஸ், கண்ணாடியைக் கழுத்துச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டு, யாரையும் பாராட்டாமல் யாரையும் திட்டாமல் வாழ்ந்த பெண்மணி. வெள்ளிக்கிழமை சோதனை ஒழுங்காக நடந்தால் திங்கட்கிழமை கையெழுத்து. நடக்காவிட்டால் நான் ஊருக்குத் திரும்பி, உப்பளத்தில் ஆளாளுக்குக் காரணம் சொல்லவேண்டும்.

கதவை மூடினோம். ஃபர்னஸ் ஓடத் தொடங்கியது. அளவுகள் எல்லாம் கம்பி வழியாக வெளியே இருக்கும் மேசைக்கு வரும். மதியம் வரை எல்லாம் அழகாக இருந்தது. ஃபர்னஸ் நிதானத்துக்கு வந்தது. தண்ணீரை எடை போடும் கட்டத்தைத் தொடங்கினேன்.

முதலில் எடை மெதுவாக ஏறியது. பிறகு கொஞ்சம் வேகமாக. ரிச்சர்ட் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"இது நல்லதுதானே?" என்றார்.

"ரொம்ப நல்லது" என்றேன். "உங்க ஃபர்னஸ் நீராவியை விடவே மாட்டேங்குது."

எடை சட்டென்று ஒரு குதி குதித்தது.

"இதுவும் நல்லதா?"

"உள்ளே எங்கேயோ தேங்கி நின்ன தண்ணி மொத்தமா வந்திருக்கும்" என்றேன். இப்படி நடக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஆனால் குரலில் ஒரு பேராசிரியர் இருந்தார். ரிச்சர்ட் நம்பினார். பரிதாபம், நானும் நம்பினேன்.

நேரம் முடிந்ததும் கணக்குப் போட்டேன். நூற்று நான்கு வந்தது.

மறுபடி போட்டேன். நூற்று நான்கு.

படிக்காதவர்களுக்கும் தெரியும், நூறு ரூபாய்க்கு அரிசி வாங்கினால் நூற்று நான்கு ரூபாய்க்கான அரிசி வராது. அந்த ஃபர்னஸ், வாங்கிய எரிவாயுவைவிட அதிகமாகச் சூடு கொடுத்திருந்தது. அறிவுள்ள யாரும் இந்த இடத்தில் எழுந்து போய் வாளியைப் பார்த்திருப்பார்கள். நான் என்ன செய்தேன்? என் கணக்கில் தவறு இல்லை என்று நிரூபிக்க உட்கார்ந்தேன்.

டோரிஸ் வந்தார். தாளைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஒண்ணு, இன்னிக்கு மதியம் நியூ ஜெர்சியில இயற்பியல் மாறிடுச்சு. இல்லேன்னா நீ ஏதோ பண்ணிட்டே. எது?"

"கணக்கு சரி" என்றேன்.

"நான் கணக்கைக் கேக்கல."

"ஒவ்வொரு வரியையும் காட்டறேன். எங்கே தப்புன்னு நீங்களே சொல்லுங்க."

டோரிஸ் என்னைப் பார்த்த பார்வையில் என் விசா ஓரத்தில் லேசாகக் கருகியது. அவர் போய்ச் சோதனை அறைக் கதவைத் திறந்தார்.

முதலில் வாசனை வந்தது. புளித்த இட்லி மாவின் வாசனை. அதை நுகர்ந்த கணத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகான சில நிமிடங்கள் நான் வெறும் உடம்பாகத்தான் அங்கே நின்றேன்.

"ஏதோ செத்துக் கிடக்குது" என்றார் டோரிஸ்.

மூவரும் ஃபர்னஸுக்குப் பின்னால் போனோம். மாவு பொங்கித் தட்டைத் தள்ளி, அலமாரி விளிம்பில் வழிந்து, குழாயின் மேல் இறங்கி, வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. எடை குதித்த காரணமும் தெரிந்தது. தட்டு நேராக வாளிக்குள் விழுந்து கிடந்தது.

ரிச்சர்ட் குழாயை மட்டும்தான் பார்த்தார். குழாயைச் சுற்றி வெள்ளையாக, நுரைத்து, குமிழிவிட்டுக்கொண்டு ஏதோ ஒன்று. அவர் முகமும் அதே நிறத்துக்கு வந்தது.

"அய்யோ, உள்ளே கரைஞ்சிடுச்சு" என்றார். "உள்ளே இருக்கிற பூச்சு எல்லாம் கரைஞ்சு வெளியே வருது. இது விஷமா? தொடாதீங்க! யாரும் தொடாதீங்க!"

கம்பெனிக்கு உடனே ஃபோன் செய்யவேண்டும், தயாரிப்பையே நிறுத்தவேண்டும் என்று அந்தச் சின்னக் குரலில் சொல்லிக்கொண்டே அவர் கதவை நோக்கி நடந்தார். இன்னும் ஒரு நிமிடம் நான் பேசாமல் இருந்திருந்தால் எங்கோ ஒரு தொழிற்சாலையை மூடியிருப்பார்கள்.

"அது சாப்பாடு" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நாளைக்கு எங்க சர்ச்சுல சாப்பாடு. அரிசியும் பருப்பும் அரைச்ச மாவு. பொங்கணும்னா சூடு வேணும். எங்க அபார்ட்மென்ட்ல சூடு இல்ல. அதனால…" அலமாரியைக் காட்டினேன். மேலே பாத்திரம், மாலை போட்டதுபோல் மாவு வழிய, பெருமையாக நின்றது.

ரிச்சர்ட் சுவரில் சாய்ந்துகொண்டார். "கரையலையா?" என்றார். "கரையல" என்றேன். "சாப்பாடா?" "சாப்பாடு." அவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கடைசியில் தும்மினார்.

டோரிஸ் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சோதனை செல்லாது. நாளைக்குக் காலையில மறுபடி. மத்ததைத் திங்கட்கிழமை பேசலாம்" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

என் தொழிலில் நான் செய்த காரியத்தை எங்கள் ஊர்ப் பாஷையில் சொன்னால் இதுதான்: தேர்வு ஹாலில், எல்லோரும் பார்க்க, சூப்பர்வைசரே மாணவனுக்குப் பிட்டு கொடுத்திருக்கிறாள். மாணவன் கேட்கக்கூட இல்லை.

சனிக்கிழமை காலை அறையைத் துடைத்து, குழாயைத் துடைத்து, தராசைத் துடைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். தொண்ணூற்று இரண்டை ஒரு நூலிழையில் தாண்டியது. ஃபர்னஸ் சொந்தமாகப் படித்துப் பாஸாகிவிட்டது. ரிச்சர்ட் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அலமாரியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏர்போர்ட்டுக்குப் போனார்.

மாலையில், வழிந்தது போக மிச்சம் இருந்த மாவோடு சர்ச்சுக்குப் போனேன். இட்லி வெந்து வந்தது. ரோஸி ஆன்ட்டி ஒன்றைப் பிட்டு வாயில் போட்டார். மென்றார். இன்னொன்று எடுத்தார்.

"ஏட்டி, இந்தக் குளிருல இப்படி எப்படிப் பொங்குச்சு?"

"ஹீட்டர் கிட்ட வச்சேன் ஆன்ட்டி."

"எந்த ஹீட்டரு? எங்க வீட்டு ஹீட்டருக்கு மேலயும்தான் வைக்கேன், கல்லு மாதிரில்லா கெடக்கு."

சொன்னேன். முழுவதையும், வேலை போனாலும் போகலாம் என்பது வரைக்கும் சொன்னேன். ஆன்ட்டி நான் எதிர்பார்த்ததுபோல் சிரிக்கவில்லை. மூன்றாவது இட்லியை எடுத்தார்.

"வேலை போகலன்னா, அடுத்த மாசம் என் மாவையும் ஒரு ஓரமா வச்சுக்கிடுவியா?"

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசினேன். ஊரில் ஞாயிறு மாலை அப்பா பங்குச் சாமியார் வீட்டு ஃபோன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பார். எனக்கு அப்போது காலை. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அவர் குரலைக் கேட்டதும் வந்துவிட்டது. அழுகைக்கு நடுவில் ஃபர்னஸ், தராசு, மாவு என்று என்னென்னவோ சொன்னேன். லைனில் இரைச்சல் வேறு.

"நில்லு, நில்லு. மார்க்கு என்ன வந்துச்சுன்ன?"

"நூத்தி நாலுப்பா."

"எம்புட்டுக்கு?"

"நூத்துக்குப்பா."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது.

"நூத்துக்கு நூத்தி நாலா?" என்றார் அப்பா. "அப்புறம் என்னத்துக்கும்மா அழுத?"

விளக்க முயன்றேன். அதற்குள் அவர் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, சாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாகக் கேட்டது: "சாமி, எம் மவ அமெரிக்காவுல நூத்துக்கு நூத்தி நாலு வாங்கிருக்காளாம். இதுவரைக்கும் யாரும் வாங்கலயாம்." கடைசி வாக்கியம் மட்டும் முற்றிலும் உண்மை.

திங்கட்கிழமை டோரிஸ் கூப்பிட்டார். மேசையில் விசா கடிதமும் விதிப் புத்தகமும் இருந்தன.

"உனக்கு இது மனப்பாடம்னு சொல்றாங்க. சோதனை அறையில மாவு வைக்கக்கூடாதுன்னு எந்தப் பக்கத்துல இருக்கு?"

மனதுக்குள் முதல் பக்கத்திலிருந்து ஓட்டினேன். "எங்கேயும் இல்ல" என்றேன்.

"நானும் ராத்திரி உக்காந்து பார்த்தேன். இல்ல. அப்போ நீ எந்த ரூலையும் மீறல. ரூல் எழுதினவங்க உன்னை எதிர்பார்க்கல, அவ்வளவுதான்." பேனாவை எடுத்தார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. "ஒரே ஒரு விஷயம். நூத்தி நாலு வந்தப்போ, நீ கணக்கைப் பார்த்தே. அறையைப் பார்க்கல. ஏன்?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. என்னால் தப்பு நடக்கும் என்று ஒப்புக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை, என்னோடு சேர்ந்து என் வீடே ஃபெயிலாகிவிடும் என்று பயம், என்று சொல்லியிருக்கவேண்டும். "இனிமே பார்ப்பேன்" என்று மட்டும் சொன்னேன். டோரிஸ் கையெழுத்துப் போட்டார்.

அன்று மதியமே சோதனை அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: 'தானாகப் பொங்கக்கூடிய எதையும் உள்ளே கொண்டுவரக்கூடாது.' புதிதாகச் சேருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, ஏதோ வெடிமருந்து விபத்து நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். யாரும் திருத்துவதில்லை.

ஊரில் எனக்கு அதிலிருந்து 'நூத்தி நாலு' என்றே பெயர். சித்தி மகன் கணக்கில் எண்பது வாங்கி வந்தால், "அக்கா நூத்தி நாலு வாங்கினவ, ஒனக்கு என்னல கேடு?" என்று கேட்பார்கள். ஊருக்குப் போனபோது உண்மையை விளக்கிச் சொன்னேன். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். "படிச்ச பிள்ளைங்க இப்படித்தான் அடக்கமா பேசும்" என்றார் அம்மா.

போன மாதம் நியூ ஜெர்சியை விட்டுவிட்டேன். கிளம்பும் முன் ரோஸி ஆன்ட்டி கேட்டார்: "டெக்ஸாஸ்ல வெயிலு கொளுத்துமே, அங்க போயி எந்த ஹீட்டருக்கு மார்க் போடப் போற?"

அங்கே ஹீட் பம்ப் இருக்கிறது. கோடையில் குளிர்விக்கும், குளிர்காலத்தில் அதே பெட்டி சூடாக்கும். அது மின்சாரத்தை எரித்துச் சூடு உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் ஏற்கெனவே இருக்கும் சூட்டை உள்ளே இழுத்துக் கொண்டுவருகிறது. அதனால் வாங்கும் மின்சாரத்தைப்போல மூன்று மடங்கு சூடு கொடுப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இயற்பியலும் மாறவில்லை.

டெக்ஸாஸின் பிளானோ நகரில் இப்போது அதற்கான லேபில் இருக்கிறேன். முதல் சோதனையை நேற்று முடித்தேன். கணக்குப் போட்டேன். நூற்றுக்கு முந்நூறு வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனார்கள்.

நான் மட்டும் எழுந்து போய், அறையைத் திறந்து, பின்பக்க அலமாரியை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, கையெழுத்துப் போட்டேன்.